மன்றமும் பலகணியும்

மக்கள் தம்முட் கூடி உரையாடுதலும், ஒருவர் அறிந்ததனை மற்றொருவர் கேட்டு அறிதலும் பண்டுதொட்டு நிகழ்வன. ஊர்ப் பொதியிலும் ஆலமரத்து நிழலும் வீட்டுத் திண்ணையும் அதற்கு இடமாய் இருந்தன. இற்றைநாளில் அவ்வுரையாட்டின் பெரும்பகுதி கைபேசியினுள் நிகழ்கின்றது. கைபேசியின்கண் ஒரு மன்றத்தைக் காண்டற்குச் செயலி ஒன்று வேண்டும். ‘எச்செயலி நன்று?’ என்னும் வினா நம் விடுதி அறைகளில் நாடோறும் எழுவது. ‘நான் வைத்திருப்பதே நன்று’ என்னும் விடையும் எளிதிற் கிடைப்பது. ஆயின், மையமிலா மன்றங்கள் எனப்படும் ஒருவகை மன்றங்களைப் பொறுத்தமட்டில் அங்ஙனம் விடை கூறி அமைதல் சாலாது. என்னை? ஆண்டுச் செயலியைத் தெரிந்துகொள்ளுதல், நாம் எதனைக் காண்போம், நம் கடவுச்சொல்லை எவர் கையிற் கொடுப்போம், வேண்டாதபோது எங்ஙனம் வெளியேறுவோம் என்பவற்றையும் உடன் தெரிந்துகொள்ளுதலாய் முடிதலின் என்க. லெம்மி என்னும் மன்றத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனை ஒருசிறிது ஆராய்வாம்.

லெம்மியைப் பலர் நாடத் தொடங்கிய வரலாற்றை முதற்கண் அறிதல் வேண்டும். ரெட்டிட் என்பது அமெரிக்க நாட்டில் 2005-ஆம் ஆண்டு தோன்றிய மன்றம். பொருள்தோறும் ஒரு குழாமாகப் பிரிந்து, இடுகை இடுவோரும், மறுமொழி கூறுவோரும், நன்றெனக் கண்டதனை வாக்களித்து மேலேற்றுவோருமாகக் கோடிக்கணக்கானோர் அங்கே கூடினர். அந்நிறுவனம் 2016-ஆம் ஆண்டில் தன் பெயரால் ஒரு கைபேசிச் செயலியை வெளியிடுவதற்கு முன்னரே, புறத்தார் சிலர் அம்மன்றத்தைப் படித்தற்குரிய செயலிகளைத் தம் உழைப்பால் ஆக்கி அளித்திருந்தனர். ஐபோனுக்கு 2017-இல் வெளிவந்த அப்போலோ என்பதும், ஆண்ட்ராய்டுக்கு அமைந்த சிங்க், ரெட்டிட் ஈஸ் ஃபன் என்பனவும் புறச்செயலிகளுட் பெயர் பெற்றவை.

2023-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில், புறச்செயலிகள் தன்னிடமிருந்து தரவு பெறுதற்கு இனிக் கட்டணம் உண்டு என அந்நிறுவனம் அறிவித்தது. பின்னர் வெளிப்பட்ட கட்டணம் ஆயிரம் வேண்டுகோளுக்கு 24 சென்ட் என்பது. ஒரு தனிமனிதன் கணக்கிற்கு இது சிறிதாகத் தோன்றும். ஆனால் அப்போலோவைப் பயன்படுத்துவோர் அனைவரின் வேண்டுகோளையும் கூட்டின் ஆண்டுக்கு ஏறத்தாழ 2 கோடி டாலர் ஆகும் என அதனை ஆக்கியவர் கணக்கிட்டுக் கூறினர். அவ்வாண்டு ஜூன் 12-ஆம் நாள் ஆயிரக்கணக்கான குழாங்கள் தம் கதவை அடைத்துத் தம் வருத்தத்தைத் தெரிவித்தன. பயன் இல்லை. ஜூன் 30-ஆம் நாள் மேற்கூறிய மூன்று செயலிகளும் மூடப்பெற்றன.

இதனால் மிகவும் இடர்ப்பட்டோர் பார்வையற்றோர் ஆவர். எழுத்தைக் குரலாக்கி வாசிக்கும் துணைக்கருவியோடு அந்நிறுவனத்தின் சொந்தச் செயலி செவ்வனே இயையவில்லை. ஆதலின் அவர்கள் புறச்செயலிகளையே நம்பி இருந்தனர். வணிகநோக்கமின்றி அணுகல் வசதிக்கென இயங்கிய சில செயலிகளுக்கு விலக்கு அளிக்கப்பட்டது உண்மையே. எனினும், ஒருவர் தந்த விலக்கை அவரே திரும்பப் பெறுதலும் கூடுமன்றோ? பார்வையற்றோர் குழாத்தினர் அவ்வாண்டிலேயே தமக்கென லெம்மி மன்றம் ஒன்றனை நிறுவிக்கொண்டனர். பலகணியைப் பற்றிய இவ்வினா அவர்கட்கு வசதியைப் பற்றியதன்று. மன்றத்தினுட் புகுதல் இயலுமா இயலாதா என்பதனைப் பற்றியதாகும்.

பலகணி என யாம் கூறியது செயலியையே. மன்றம் உள்ளே நிகழ்கின்றது. அதனைக் காட்டும் சாளரம் செயலி. ரெட்டிட்டின்கண் மன்றத்துக்கு உடையவர் ஒருவரே ஆகலின், பலகணிகளை அடைக்கும் உரிமையும் அவருடையதாயிற்று. அவ்வுரிமை ஒருவரிடத்தே குவியாத மன்றம் ஒன்று உண்டாயின் நன்று என எண்ணியோர்க்கு, முன்னரே ஆயத்தமாய் இருந்தது லெம்மி.

லெம்மி என்பது 2019-இல் தொடங்கப்பெற்ற ஒரு மென்பொருள். அதன் மூலநிரல் யாவர்க்கும் வெளிப்படை. விரும்பிய எவரும் அதனைத் தம் கணினியில் நிறுவி, சர்வர் எனப்படும் வழங்கியாக நடத்தலாம். அங்ஙனம் நடக்கும் வழங்கிகள் பல. ஒவ்வொன்றும் ஒரு தனி வீடு. ஒவ்வொரு வீட்டுக்கும் தலைவரும் விதிகளும் வேறு. ஆயினும் அவை தம்முள் ஒரு பொதுமொழியாற் பேசிக்கொள்கின்றன. ஆக்டிவிட்டிபப் என்னும் அந்நெறிமுறையை உலகவலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ-த்ரீ-சி என்னும் அமைப்பு 2018-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் தன் பரிந்துரையாக வெளியிட்டது. மின்னஞ்சலை ஒப்புமையாக நினைக்க. ஒரு நிறுவனத்தில் அஞ்சற்கணக்கு உடையவர் வேறொரு நிறுவனத்திற் கணக்கு உடையவர்க்கு எழுதுதற்குத் தடை யாதும் இல்லை. அதுபோல, ஒரு வழங்கியிற் கணக்கு உடைய மாணவர் வேறொரு வழங்கியில் உள்ள வானியற் குழாத்திற் சேர்ந்து படிக்கலாம், எழுதலாம். அவர் சேர்ந்தவுடன், அக்குழாத்தின் புதிய இடுகைகளின் படி அவருடைய வழங்கிக்கு வந்துசேரத் தொடங்கும். அவர் படிப்பது தம் வீட்டுக்கு வந்த அப்படியையே. பைஃபெட், எம்பின் முதலிய வேறு மென்பொருள்களும் இப்பொதுமொழியையே பேசுதலின் அவற்றில் உள்ளாரும் இவ்வுரையாட்டிற் கலந்துகொள்கின்றனர்.

நிற்க. இதனால் ஓர் உண்மை பெறப்படும். மையமிலா மன்றத்தில் நாம் தெரிய வேண்டுவன இரண்டு: ஒன்று வீடு, மற்றொன்று பலகணி. இவற்றுள் வீட்டை முன்னும் பலகணியைப் பின்னும் தெரிதலே முறை. வீட்டுக்கு வாராத செய்தியை எத்துணை அழகிய பலகணியும் காட்டமாட்டாது.

இதற்குச் சான்று ஒன்று கூறுவாம். 2023-ஆம் ஆண்டு ஜூன் திங்களில், பீஹா என்னும் வழங்கி, லெம்மி.வேர்ல்டு உள்ளிட்ட இரண்டு பெரிய வழங்கிகளோடு தன் தொடர்பைத் துண்டித்துக்கொண்டது. அவ்விரண்டிலும் எவரும் உசாவுதலின்றிக் கணக்குத் தொடங்கலாயிருந்தது. அங்கிருந்து திரண்டு வருவோரைக் கண்காணித்தற்குத் தம்மிடம் உள்ள நெறியாளர் போதார் என்பது பீஹாவினர் கூறிய காரணம். அன்றுமுதல் ஒரு பக்கத்தாரின் புதிய இடுகைகள் மறுபக்கத்தார்க்குச் சென்று சேரவில்லை. இந்நிலையில் உள்ள ஒருவர், தாம் தேடும் குழாம் காணப்படாமை கண்டு செயலியைப் பழித்து வேறு செயலிக்கு மாறுவாராயின் யாது பயன்? ஆதலின் கணக்குத் தொடங்குமுன், அவ்வழங்கியின் விதிகளையும், அது எவற்றோடு தொடர்பு துண்டித்துள்ளது என்னும் பட்டியலையும் அதன் வலைப்பக்கத்திலேயே படித்தறிதல் நன்று.

இனிப் பலகணிக்கு வருவாம். லெம்மிக்கெனச் செயலிகள் பல எழுந்தன. லெம்மியை ஆக்கியோராலேயே தொடங்கப்பெற்று ஆண்ட்ராய்டில் இயங்குவது ஜெர்போவா. ஐபோனுக்கென ஆக்கப்பெற்றது எம்லெம். இரண்டிற்கும் பொதுவாய் அமைந்தவை தண்டர், வாயேஜர் என்பன. இவற்றுள் வாயேஜர் முதலில் வெஃப்வெஃப் என்னும் பெயரோடு 2023-இல் தோன்றி, மறைந்த அப்போலோவின் தோற்றத்தைப் பெரிதும் தழுவியது. செயலியாக நிறுவாது வலையுலாவியின் வழியாகவே திறந்து படித்தற்கும் இடந்தருவது. ரெட்டிட்டில் வாயிலடைபட்ட சிங்க், பூஸ்ட் என்பவற்றை ஆக்கியோரும் 2023-இலேயே அவற்றை லெம்மிக்கு ஏற்பத் திருத்தி வெளியிட்டனர். இத்துணைப் பலவற்றுள் ஒன்றைத் தெரிதற்கு யாம் கொள்ளும் அளவைகள் ஐந்து.

முதலாவது, அச்செயலி உயிரோடு உளதா என்பது. லெம்மி வளருந்தோறும் செயலியும் உடன் வளரவேண்டும். 2023-ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்த லெம்மியின் 0.19 என்னும் பதிப்பு, உள்நுழைந்தாரை வழங்கி அறிந்துகொள்ளும் முறையை மாற்றியது. அதற்கேற்பத் திருத்தப்பெறாத செயலிகள், புதிய பதிப்புக்கு மாறிய வழங்கிகளிற் பயன்படாதொழிந்தன. 2023-இன் ஆரவாரத்திற் பிறந்த லிஃப்டாஃப், மெம்மி முதலியன பின்னர் வளர்ச்சி நின்றன. ஆதலின் செயலியின் புகழுரைகளைப் படிக்குமுன், அஃது இறுதியாகத் திருத்தப்பெற்ற நாள் யாது எனக் காண்க. நம் வழங்கி லெம்மியன்றிப் பைஃபெட்டோ எம்பினோ ஆயின், அதனோடு செயலி இயையுமா என்பதனையும் காண்க. இன்டர்ஸ்டெல்லார் என்பது இம்மூன்றுக்கும் பொருந்த ஆக்கப்பெற்றது. எல்லாச் செயலிகளும் அத்தகையன அல்ல.

இரண்டாவது, நம்பகம். லெம்மிச் செயலிகளிற் பெரும்பாலன நம் பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் தம்மிடத்தே நேரே தட்டெழுதுமாறு கேட்பன. அஃதாவது, வீட்டின் திறவுகோலை நாம் வழங்கியின் கையிலன்றிச் செயலியின் கையிற் கொடுக்கின்றோம். ஜெர்போவா, வாயேஜர், தண்டர், எம்லெம் என்பவற்றின் மூலநிரல் வெளிப்படை. அறிந்தார் எவரும் புகுந்து ஆராயலாம். சிங்க், பூஸ்ட் என்பன மூலநிரலை வெளியிடாதன. விளம்பரம் காட்டிப் பொருளீட்டி, அதனை நீக்க விரும்புவாரிடம் விலை பெறும் முறையில் வந்தவை. மூலநிரல் மூடியதனால் ஒரு செயலி தீயதென்று கூறோம். திறந்ததனால் நல்லதென்று துணிதலும் இல்லை. ஆராயத்தக்கது வேறு, ஆராயப்பட்டது வேறு. ஆயின் ஐயுற்றவிடத்து ஆராய வழியுண்டு என்பதே ஒரு காப்பு. எதுவாயினும், வங்கிக்கும் அஞ்சலுக்கும் வழங்கும் கடவுச்சொல்லை இதற்கும் இடாது, தனிச்சொல் ஒன்றனை இடுதல் அறிவுடைமை.

மூன்றாவது, படித்தற்கு எளிமை. லெம்மியில் இடுகைகள் மூவகையாகத் தொகுத்துக் காட்டப்பெறும். நாம் சேர்ந்த குழாங்களின் இடுகைகள் மட்டும் ஒன்று. நம் வழங்கியிலேயே உள்ள குழாங்களின் இடுகைகள் ஒன்று. நம் வழங்கிக்கு எங்கணும் இருந்து வந்த இடுகைகள் அனைத்தும் ஒன்று. அவற்றை வரிசைப்படுத்தும் முறைகளும் பல. இப்போது உரையாடல் மிக்கவை, புதியவை, ஒருநாளில் மிகுதியான வாக்குப் பெற்றவை எனப் பலவாறு வரிசை செய்யலாம். 0.19 பதிப்பிற் சேர்ந்த ஒரு முறை, பெரிய குழாங்களின் ஆரவாரத்திற் சிறிய குழாங்களின் குரல் அமிழாதவாறு அவற்றைச் சற்று உயர்த்திக் காட்டும். செயலியைத் திறந்தவுடன் இவற்றுள் எது தோன்றும் என்பதனைச் செயலியை ஆக்கியவர் முன்னரே அமைத்திருப்பர். பெரும்பாலோர் அதனை மாற்றுவதில்லை. பலகணியின் திசையே காட்சியை அமைக்கின்றது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டா. ஆகவே, அம்முதலமைப்பை நம் விருப்பப்படி மாற்றி நிலைநிறுத்த இடந்தரும் செயலியே கொள்ளத்தக்கது.

தமிழ் பயில்வோர் இவ்விடத்து மேலும் இரண்டனை நோக்கவேண்டும். எழுத்தின் அளவைப் பெருக்கிப் பார்க்க. மேல்விலங்கும் கீழ்விலங்கும் வரியிடையே வெட்டுண்ணாது முழுவதும் தோன்றுகின்றனவா எனக் காண்க. ஆங்கில எழுத்தின் உயரத்தை மட்டும் எண்ணி வரியிடை குறுக்கிய செயலிகளில் இக்குறை நேர்தல் கூடும். மற்றொன்று, மொழிக்குறி. லெம்மியில் ஒவ்வோர் இடுகைக்கும் அஃது எம்மொழியினது எனக் குறியிடலாம். ஆனால் பலர் இடுவதில்லை. அத்தகையன ‘மொழி குறிக்கப்படாதன’ என்னும் வகையுள் அடங்கும். தமிழையும் ஆங்கிலத்தையும் மட்டும் தெரிந்தெடுத்து, இவ்வகையை விலக்கிவிட்ட ஒருவர்க்கு மன்றமே வெறிச்சோடியதுபோலத் தோன்றும். இதுவும் செயலியின் பிழையன்று. கணக்கின் அமைப்பாற் பிறப்பது.

நான்காவது, காப்பு. பொதுமன்றத்தில் நல்லுரையோடு வசையும், காணத்தகாத படங்களும் கலந்து வருதல் இயல்பு. தனியொருவரை விலக்குதலும், ஒரு குழாத்தை விலக்குதலும், 0.19 பதிப்புமுதல் ஒரு வழங்கி முழுவதனையும் நமக்கு மட்டும் விலக்குதலும் லெம்மியிற் கூடும். வழங்கியை விலக்கிய வழி, அவ்வழங்கியிலுள்ள குழாங்களின் இடுகைகளே மறையும்; அதனைச் சேர்ந்தார் பிற குழாங்களிற் கூறும் மறுமொழிகள் மறையா என்பதனை அறிந்துகொள்க. குறித்த சொற்கள் வரும் இடுகைகளை மறைக்கும் வசதி வாயேஜர் முதலிய சில செயலிகளில் உண்டு. தேர்வுக்காலத்து மனவமைதியை நாடும் மாணவர்க்கு இது சிறிய நன்மையன்று. படங்களும் காணொளிகளும் தாமே ஓடாதவாறு நிறுத்தும் வசதியும் வேண்டற்பாலது; நாளளவு வரையறுத்த தரவினை விலைக்கு வாங்குவோர் அதன் அருமையை அறிவர். பார்வைக்குறையுடைய தோழர் ஒருவர் நம்மோடு பயில்வாராயின், குரல்வாசிப்பானை இயக்கி அவரே பயன்படுத்திப் பார்த்து இயைபு கூறிய செயலியையே அவர்க்குப் பரிந்துரைத்தல் வேண்டும். கண்ணுடையார் கண்டு கூறும் கருத்து இவ்விடத்துப் பயன்படாது.

ஐந்தாவது, வெளியேறும் வழி. இதனையே யாம் தலையாய அளவையாகக் கருதுவோம். லெம்.ஈ என்னும் வழங்கி பலர் விரும்பித் தங்கிய வீடு. அதனை நடத்தியோர் சோர்வுற்று, 2025-ஆம் ஆண்டு ஜூன் திங்களின் முடிவில் அதனை மூடிவிட்டனர். ஊதியமின்றித் தொண்டாக நடத்துவோர் சோர்தல் இயல்பே. அவரைக் குறைகூறல் தகாது. அங்கே தங்கியோர், தாம் சேர்ந்த குழாங்களின் பட்டியல், விலக்கியோரின் பட்டியல், சேமித்த இடுகைகள் என்பவற்றை ஒரு கோப்பாக இறக்கிக்கொண்டு, வேறு வழங்கியில் ஏற்றிக்கொள்ள முடிந்தது. இவ்வசதியும் 0.19 பதிப்பில் வந்ததே. ஆனால் ஒருவர் எழுதிய இடுகைகளும் மறுமொழிகளும் அவரோடு புதிய கணக்குக்குச் செல்லமாட்டா. அக்கோப்பினைச் செயலியில் இறக்க இயலாவிடினும், வழங்கியின் வலைப்பக்கத்திற் சென்று இறக்கலாம். திங்களுக்கொருமுறை அங்ஙனம் இறக்கி வைத்தல் நற்பழக்கம். சொல்விலக்குப் பட்டியல் முதலியன செயலியினுள் மட்டும் தங்குவன. அவற்றைப் பெயர்த்தெடுக்க அச்செயலி இடந்தருமா என்பதனைத் தனியே நோக்குக.

இவ்வைந்தனையும் அறிந்த பின், செய்முறை எளிது. கணக்கின்றியே படித்துப் பார்க்க இடந்தரும் செயலிகள் உள. அத்தகையன இரண்டினைக் கைபேசியில் நிறுவி, ஒருவாரம் மாற்றி மாற்றிப் படிக்க. நீண்ட மறுமொழித்தொடரில் யார் யார்க்கு விடைகூறுகின்றார் என்பது எதில் எளிதிற் புலனாகின்றதோ, எதில் நம் விரல் தவறுதலாக வாக்களியாதோ, அதனைக் கொள்க. பின்னர் அதன்கண் கணக்கைப் புகுத்துக. நாளை அது பொருந்தாதாயின் வேறொன்றிற் புகுக. கணக்கும் குழாங்களும் வழங்கியில் இருத்தலின் இழப்பது சிறிதே.

ஈண்டு ஒரு தடை எழலாம். ‘ஒரே நிறுவனம், ஒரே செயலி என இருப்பின் இத்துணை ஆராய்ச்சி வேண்டாவன்றோ? மையமிலா மன்றத்தில் ஒரே பொருட்குப் பல குழாங்கள் சிதறிக் கிடத்தலும், கூடுவோர் தொகை குறைதலும் குறையன்றோ?’ எனின், அவை குறையே, மறுப்பதற்கில்லை. வழங்கி நடத்துவோரும் செயலி ஆக்குவோரும் பெரும்பாலும் தம் ஓய்வுநேரத்தில் நன்கொடையை நம்பி உழைப்போர் ஆகலின், நிலைபேற்றுக்கும் உறுதி இல்லை. இலவசமாய்க் கிடைக்கும் செயலியும் ஒருவர் உறக்கத்தை விலையாகக் கொண்டதே. இயன்றோர் சிறிது பொருளுதவுதலும், இயலாதோர் கண்ட பிழையை நயமாக எழுதி அறிவித்தலும் கடன். ஆயினும் 2023-இல் நிகழ்ந்ததனை மீண்டும் நினைக்க. அன்று பலகணி அடைபட்டபோது, அதன்வழிக் கண்டுவந்தோர்க்கு அம்மன்றத்துள் வேறு பலகணி திறத்தற்கு உரிமை இல்லை. உடையவர் காட்டியதே காட்சி. லெம்மியில் ஒரு செயலி மறையின் வேறொரு செயலி உண்டு. எதுவும் இல்லையாயின், அறிந்தார் ஒருவர் எவரிடத்தும் இசைவு பெறாது புதியதொன்றனை ஆக்கலாம். வீடு மூடப்படின், வேறு வீட்டில் இருந்துகொண்டு அதே உரையாட்டிற் புகலாம்.

ஆகவே, ‘எச்செயலி நன்று?’ என நம்மை வினவுவார்க்கு ஒரு பெயரை விடையாகக் கூறுதலை யாம் விரும்புகிலோம். பெயர்கள் மாறும்; இன்று சிறந்தது நாளை பேணுவாரின்றி வாடும். உயிரோடிருப்பது, ஐயுற்றால் ஆராயத்தக்கது, நம் கண்ணுக்கும் மொழிக்கும் இயைவது, வேண்டாதனவற்றை விலக்க உதவுவது, விட்டுச் செல்லுங்கால் நம்மைத் தடுக்காதது என்னும் இவ்வைந்தும் பொருந்திய செயலியைக் கொள்க என்றே கூறுவோம். இவற்றுள் நான்கு சிறிது குறையினும் பொறுக்கலாம்; ஐந்தாவது குறையின் பொறுத்தல் ஆகாது என்பது எம் துணிபு.